ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் இறந்த எங்கள் முன்னோரின் மரணப் பதிவில் பிறந்த இடம் "ஸ்காட்லாந்து" என்று மட்டுமே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஸ்காட்லாந்தில் தொடங்காதீர்கள். அங்குள்ள பதிவுகள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளாக (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதிகளாக) பிரிந்து கிடப்பதால், ஒரே பெயர் கொண்ட பலருள் உங்களவர் யார் என்பதை அவருடைய பங்கின் பெயர் இல்லாமல் தீர்மானிக்க இயலாது. அந்தப் பெயர் பெரும்பாலும் குடியேறிய நாட்டில்தான் கிடைக்கும். கல்லறைக் கற்களில் பிறந்த பங்கைப் பொறிக்கும் வழக்கம் ஸ்காட்லாந்தினரிடையே இருந்தது. கனடாவின் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடியேறிய ஆண்டைத் தருகிறது. உங்கள் முன்னோரோடு நின்றுவிடாமல் அவருடைய உடன்பிறந்தார், அண்டை நிலத்தார், திருமணச் சாட்சிகள் ஆகியோரையும் தேடுங்கள். ஒரே ஊரார் சேர்ந்து குடியேறியது மிகச் சாதாரணம். தாய்நாட்டிலேயே தங்கிவிட்ட சகோதரர் ஒருவர் 1855-க்குப் பின் இறந்திருந்தால், அவருடைய மரணப் பதிவில் தந்தையின் பெயரும் தாயின் மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் பொதுவாகக் கிடைக்கும். இங்கிலாந்தின் அக்காலப் பதிவுகளில் இந்த வசதி இல்லை.

கேள்வி: ஸ்காட்லாந்தின் 1841 கணக்கெடுப்பில் முன்னோரின் வயது 25, 1851-இல் 38. இவர் ஒரே ஆள்தானா?

பதில்: வயது முரணாகாது. 1841-இல் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதுவதே விதி என்பதால், 25 என்பது 25 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். உங்களவருக்கு அப்போது 28 நடந்திருக்கும். ஆனால் 1841 ஏட்டில் உறவுமுறை கிடையாது. பிறந்த இடமும் அதே மாவட்டமா இல்லையா என்ற அளவில்தான் இருக்கும். பிறந்த பங்கு 1851-இல்தான் பதிவாகிறது. ஆகவே 1851 ஏட்டையே அடித்தளமாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: பங்கு தெரிந்தும் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுக்கவில்லையா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். 1855 ஜனவரி 1-இல் அரசுப் பதிவு கட்டாயமாகும்வரை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய ஏடுகளே இருந்தன. அவற்றில் எழுதப்படாமல் போனவர்கள் ஏராளம். எழுதுவதற்குக் கட்டணம் உண்டு; 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரியும் சேர்ந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. மேலும், அத்திருச்சபையிலிருந்து பிரிந்து சென்ற சபைகளின் பிள்ளைகள் இந்த ஏடுகளில் பெரும்பாலும் வரமாட்டார்கள். 1843-இல் 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவிய பிறகு இந்த இடைவெளி இன்னும் விரிந்தது. எனவே அப்பகுதியின் பிற சபைகளின் ஏடுகளையும், பெற்றோரின் திருமண ஓலை வாசிப்புப் பதிவையும் (மணத்துக்கு முன் சபையில் வாசிக்கப்படும் அறிவிப்பின் பதிவு) பாருங்கள்.

மூப்பர் சபையின் (பங்கை நிர்வகிக்கும் போதகரும் மூப்பரும் அடங்கிய குழுவின்) நடவடிக்கைக் குறிப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊரை விட்டுப் போகிறவர் புதிய இடத்துச் சபையில் காட்டுவதற்கு நற்சான்று பெற்றுச் செல்வது வழக்கம். அது வழங்கப்பட்ட செய்தியோ, திருவிருந்தில் (நற்கருணையில்) பங்குபெறுவோர் பட்டியலில் பெயருக்கு எதிரே "அமெரிக்கா சென்றார்" என்ற ஒரு வரியோ கிடைத்தால், புறப்பட்ட காலமே தெரிந்துவிடும். இக்குறிப்புகளுக்குப் பெயர் அட்டவணை இல்லாததால் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்து அரசின் பதிவுகளுக்கான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் பல சபைகளின் ஏடுகள் படங்களாக உள்ளன.

கேள்வி: பாட்டியின் பெயர் ஓர் ஏட்டில் ஜேனட், மற்றொன்றில் ஜெஸ்ஸி என்று உள்ளது.

பதில்: இரண்டும் ஒரே பெயராக வழங்கியவையே. பேட்ரிக்கும் பீட்டரும், டொனால்டும் டேனியலும் அப்படியே. மணமான பின்னும் பெண்கள் பலர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராலேயே பதிவாகியிருப்பதால், அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

கேள்வி: கப்பல் பயணிகள் பட்டியலில் தேடினால் போதாதா?

பதில்: பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்து வெளியேறியவர்களின் பட்டியல்கள் 1890 முதல்தான் தொடர்ச்சியாக உள்ளன. விதிவிலக்காக, ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதிக்கும் (ஹைலேண்ட்) தீவுகளுக்குமான ஹைலேண்ட் மற்றும் தீவுகள் குடியேற்றச் சங்கம் 1852 முதல் 1857 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய ஏறத்தாழ ஐயாயிரம் பேரின் பட்டியல் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசியப் பதிவகத்தில் பாதுகாக்கப்படுகிறது. உங்கள் குடும்பம் அத்தீவுகளுள் ஒன்றான ஸ்கை தீவிலிருந்து அக்காலத்தில் ஆஸ்திரேலியா சென்றிருந்தால் முதலில் அதையே பாருங்கள்.