போரில் காணாமல்போன ராணுவ வீரரைப் பற்றி சேலத்திலிருந்து அரசிடம் தகவல் பெறுவது எப்படி?

எதிரி நாட்டுப் படையிடம் பிடிபட்டவர் போர்க்கைதி; அவர் பெயரை அந்த நாடு அறிவிக்க வேண்டும். உயிரோடு இருப்பதும் இறந்ததும் உறுதியாகாதவர் காணாமல்போனவர். 1965, 1971 போர்களில் காணாமல்போன 54 பேர் தன் சிறைகளில் இல்லை என்றே பாகிஸ்தான் சொல்லிவருகிறது. அதனால் குடும்பத்துக்கு மிஞ்சுவது நம் அரசின் கோப்புகள்தான். அவற்றைக் கேட்பது அவர்கள் உரிமை.

தகவல் உரிமைச் சட்டத்தில் “அவர் எங்கே?” என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது பதிவில் இருப்பதை மட்டுமே. தாலுகா அலுவலகத்தில் “நிலம் யாருடையது?” என்றால் வாய்வார்த்தைதான் கிடைக்கும், அ-பதிவேட்டு நகல் கேட்டால் காகிதம் வரும், அதுபோலத்தான். படை எண், ரெஜிமென்ட், கடைசியாகக் காணப்பட்ட தேதி எழுதி, கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள்விசாரணை) அறிக்கை, வெளியுறவு அமைச்சகக் கடிதங்கள் என ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். படை எண் தெரியாவிட்டால் முதலில் சேலம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். ஏற்காட்டுக்காரர்கள் டெல்லிக்கு அலைய வேண்டாம். மத்தியத் துறை மனுக்களை வாங்கும் அஞ்சலகத்தில் கொடுத்தால் 35 நாளில் பதில் வரவேண்டும். பிரிவு 8(1)(அ), நாட்டுப் பாதுகாப்பு என்று மறுக்கலாம். சோர்ந்துவிடாதீர்கள்: 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்து, ரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரச்சொல்லும் பிரிவு 10-ஐக் காட்டுங்கள்.

ராணுவத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று பலர் நம்புவது தவறு: விலக்குப் பட்டியலில் உளவுத்துறைகளும் சில துணை ராணுவப் படைகளும் உண்டு, முப்படைகள் இல்லை.