பிள்ளைகள் ஓடியாடும் ஹாலை எப்படிப் பாங்காக்குவது?

கேள்வி: கோத்தகிரியில் சொந்த வீடு. பிள்ளைகளுக்கு 6 வயது, 3 வயது. ஹால் முழுக்க கலர் ஃபோம் பாய், பொம்மை வழியும் பிளாஸ்டிக் ரேக், சுவரெல்லாம் கிரேயான் கிறுக்கல். விருந்தாளிகளை உட்காரச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. லெதரெட் சோபாவும் கண்ணாடி டீப்பாயும் வாங்கினால் வீடு எடுப்பாகத் தெரியுமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். மலை ஈரத்தில் லெதரெட் என்ற செயற்கைத் தோலின் மேல்பூச்சு செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்டவைக்க முடியாது. இருக்கிற சோபாவுக்கே ஜிப் வைத்த கெட்டிக் காட்டன் உறை 2 செட் தைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் துவைத்தது காய நாள்கணக்காகும், அதற்குத்தான் இரண்டு. டீப்பாய்க்கு மூலை உருண்ட மரப்பலகை போதும். 3 வயதுப் பிள்ளை தடுக்கி விழுந்தால் கண்ணாடி விளிம்பு முகத்தில் இடிக்கும்.

ஹாலைக் குழந்தைகள் அறைபோலக் காட்டுவது சோபா அல்ல, கண்ணில் படுகிற பொம்மைக் குவியல். அதனால் பணத்தை மூடிய அலமாரியிலும் பெயின்ட்டிலும் போடுங்கள்.

அலமாரி 3 அடி உயரம், 6 அடி நீளம், 15 அங்குல ஆழம் இருக்கட்டும். தாழ்வாக நீளமாக இருந்தால் அறை பெரிதாகத் தெரியும், பிள்ளைகளே பொம்மையை எடுத்து வைக்கலாம். அடியில் காற்று ஓட 4 அங்குலக் கால் கட்டாயம் வேண்டும். கதவுக்கு மெதுவாக மூடும் கீல் போட்டால் விரல் நசுங்கும் ஆபத்து குறையும்.

மலையில் வரும் சிக்கல் இதுதான்: சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் காற்று ஓடாமல் பூசணம் பிடிக்கும். சுவரில் பிணைக்காமல் தள்ளி வைத்தால், பிள்ளை தட்டில் கால் வைத்து ஏறும்போது அலமாரி அப்படியே முன்னால் சாயலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி உண்டு. 2 அங்குல கனம், 6 அங்குல நீளத்தில் இரண்டு ரீப்பர் (மரச்சட்டம்) துண்டுகளைச் சுவரில் 4 அங்குல ஸ்க்ரூவால் இறுக்கி, அலமாரியின் மேல்பலகையை எல்-ஆங்கிளால் (எல் வடிவ இரும்புப் பட்டை) அவற்றோடு பிணையுங்கள். ஒரே நீள ரீப்பராக அடிக்கக் கூடாது, காற்றுவழி அடைபட்டுவிடும். பழைய வீட்டில் செங்கல் இணைப்பில் துளை போட்டால் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் கழன்று வரும். செங்கல்லிலேயே போடச் சொல்லுங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் 1 அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் பூத்தால் ஈரம் சுவரிலேயே இருக்கிறது. கசிவை அடைக்காமல் அடிக்கும் பெயின்ட் கொப்புளிக்கும். தாளின் வெளிப்பக்கம் பூத்தால் அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிரேயான் மெழுகைச் சுரண்டி, கறைமறைக்கும் பிரைமர் அடிக்காவிட்டால் மேலே எமல்ஷன் பிடிக்காது. தரையிலிருந்து மூன்றரை அடிவரை கழுவக்கூடிய, லேசான மினுமினுப்புள்ள எமல்ஷனைச் சற்று அடர்நிறத்தில் அடியுங்கள். கைரேகையும் தெரியாது, துடைக்கவும் சுலபம். மேலே வெண்ணெய் நிறம் போதும். மேகம் இறங்கும் நாட்களில் சாம்பலும் தூய வெள்ளையும் அறையைக் களையிழந்து காட்டும்.

ஃபோம் பாயைப் புரட்டிப் பாருங்கள், அடியில் கறுப்புப் புள்ளிகள் இருக்கலாம். அதற்குப் பதில் மெல்லிய பவானி ஜமக்காளம் இரண்டு, வழுக்காமல் அடியில் ரப்பர் வலை.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப் இன்ஜினியர்டு வுட்’ என்று விற்கிறார்களே, அதில் அலமாரி வாங்கலாமா?

பதில்: அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் மரத்தூள் பலகை. வெட்டுமுனையில் ஈரம் ஏறினால் உப்பி, கீல் ஸ்க்ரூ பிடிப்பை இழந்து கதவு தொங்கும். ஐ.எஸ். 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) மரைன் ப்ளைவுட் 18 மி.மீ. கேளுங்கள்; பின்பலகையும் 6 மி.மீ. ப்ளைவுட்டாகவே இருக்கட்டும். மைகா என்ற மேல்தாள் ஒட்டுவதற்கு முன் பலகையிலுள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையை நேரில் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்கினால் பலகை வகை, கனம், மலையேற்றும் வண்டிக்கூலி, பொருத்துகூலி எல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அந்தப் பில்தான் கையிலிருக்க வேண்டும்.