எழுந்திருந்து போஜனம் பண்ணு

உண்ணுதல் கோளாறுகள் பற்றி விசுவாசிகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். நான் மனநல மருத்துவத்தில் இருப்பவள், சபையில் வளர்ந்தவள்.

ஒரு தாய்: மகளுக்கு 16 வயது. சாப்பாட்டைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பாள். வாய்க்குள் போவது கொஞ்சம்தான். கேட்டால் "உபவாசம்மா" என்கிறாள். பக்தி என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள் அம்மா. உபவாசத்துக்கு ஒரு முடிவு உண்டு. ஜெபம் முடிந்து எழுந்தால் நிம்மதியாகச் சாப்பிடுவோம். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்ஸியா என்ற நோய் வந்த பிள்ளைக்கு அந்த முடிக்கிற நேரம்தான் பயம். ஒரு கவளம் உள்ளே போனால் பெரிய குற்றம் செய்ததுபோல் துடிப்பாள். வேதத்தைத் திறக்கும் நேரம் கூடியிருக்கிறதா, தராசில் ஏறும் நேரம் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். மாதவிலக்கு நின்றுவிட்டதா? எப்போதும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறாளா? எழுந்து நின்றால் தலைசுற்றுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொல்லுங்கள்.

பக்தியும் பட்டினியும் குழம்பிப்போவது சபைக்குப் புதிதில்லை. இத்தாலியின் சியன்னா நகரத்துப் புனித கத்தரீன் உணவைக் குறைத்துக்கொண்டே போனார். சாப்பிடும்படி அவரைச் சுற்றியிருந்த குருக்களே வற்புறுத்தியும் தன்னால் முடியவில்லை என்றார். 1380-இல் 33 வயதில் இறந்தார். அவருக்கு இருந்தது என்ன நோய் என்று இன்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அளவு மீறிய உபவாசமும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே கேட்டில்தான் கொண்டுபோய் விடும் என்று 5-ஆம் நூற்றாண்டிலேயே துறவி காசியன் எச்சரித்திருக்கிறார். உங்கள் போதகரிடம் பேசி, "உனக்கு இப்போது உபவாசம் வேண்டாம், மகளே" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த ஒரு வார்த்தை அவள் தோளிலிருந்து எவ்வளவோ பாரத்தை இறக்கும்.

ஒரு சகோதரி, வயது 22: இரவில் கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிடுகிறேன். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் வாந்தி எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுது மன்னிப்புக் கேட்கிறேன். பெருந்தீனி பாவம்தானே?

சகோதரி, இதை எழுதவே உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! நீங்கள் சொல்வது புலிமியா என்ற நோயைப் போலிருக்கிறது. 1979-இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். சிகிச்சையும் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அழுது ஜெபித்த மறுநாள் என்ன செய்கிறீர்கள்? அநேகமாகப் பட்டினி கிடப்பீர்கள். மனந்திரும்புதல் என்று நினைத்துச் செய்கிற அந்தப் பட்டினிதான் அடுத்த இரவுக்கு விதை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், போருக்குப் போக மனசாட்சி இடம்தராத 36 இளைஞர்கள் ஓர் ஆய்வுக்குத் தங்களைக் கொடுத்தார்கள். பலர் சமாதானத்தைப் போதிக்கும் சபைகளைச் சேர்ந்தவர்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்பங்கு போனது. ஆரோக்கியமாக வந்த அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களையே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வு முடிந்தபின்னும் சிலரால் எவ்வளவு சாப்பிட்டும் நிறுத்த முடியவில்லை. பசியில் வாடிய உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். அதை உங்கள் பக்தியின் குறை என்று எண்ணாதீர்கள்.

வாந்தி உடம்பிலிருந்து பொட்டாசியத்தை எடுத்துவிடும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சையில் முதல் படியே, முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. "எழுந்திருந்து போஜனம் பண்ணு" என்று தூதன் தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடியும் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவன் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு மிகவும் பிரியமான பகுதி இது.

ஒரு போதகர்: இது அசுத்த ஆவியின் கட்டா?

இல்லை ஐயா. பரம்பரை, மூளை, மனக்காயம், சுற்றியிருப்பவர்கள் பேசும் பேச்சு என்று பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் இது. மனநோய்களில் உயிர்ப்பலி மிக அதிகமானவற்றில் அனோரெக்ஸியா ஒன்று. மருத்துவரிடம் அனுப்புங்கள், கூடவே ஜெபியுங்கள். "பிசாசு பிடித்திருக்கிறது" என்று ஒருமுறை கேட்ட பிள்ளை அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்காது. இன்னொரு விண்ணப்பமும் உண்டு: "மெலிந்துவிட்டாயே, அழகாயிருக்கிறாய்" என்ற பேச்சு சபையில் வேண்டாம்.

ஒரு தம்பி: ஆண்களுக்கும் வருமா? சரீரம் ஆலயம் என்றுதான் நான் கடுமையாக உடற்பயிற்சி செய்கிறேன்.

வரும் தம்பி. வெட்கத்தால் ஆண்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள். சரீரம் ஆலயம் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 6-இல் பவுல் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. கொழுப்பையும் கலோரியையும் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. காய்ச்சலிலும் பயிற்சியை விட முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு தகப்பன்: பிள்ளை சாப்பிட மறுத்தால் கட்டாயப்படுத்தலாமா?

வாயில் திணிக்காதீர்கள், ஐயா. அவள் போக்கிலும் விட்டுவிடாதீர்கள். 1980-களில் லண்டனில் உருவான குடும்பச் சிகிச்சையில், என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் தீர்மானிப்பார்கள். கூடவே உட்கார்ந்து, கோபப்படாமல், முடியும்வரை காத்திருப்பார்கள். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. எனவே தொடக்கத்திலிருந்தே மருத்துவர் அளவு சொல்லட்டும். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய இயேசு, அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். உங்கள் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.