சீனக் கலை படிக்க ஆசைப்படும் மகளும் தாய்மாமன் சொல்லும் டிசைன் கல்லூரியும்

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். சீனத் தொடர்கள் பார்க்க ஆரம்பித்து, யூடியூபில் எழுத்துப் பழகி, இப்போது சீன ஓவியமும் பண்பாடும்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். தாய்மாமன் இரண்டு யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, பி.காம்., கூடவே சி.ஏ. இன்னொன்று, "வரையத்தானே ஆசை? பெங்களூரில் பெரிய டிசைன் கல்லூரியில் போட்டுவிடலாம், பாதிப் பணம் நான் தருகிறேன்." மீதிப் பாதிக்கு அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க யோசிக்கிறார்.

அம்மா, முதல் காரியமாக அந்தப் பத்திரத்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் அண்ணன் தன் மகனை எம்.பி.பி.எஸ். படிக்கச் சீனாவுக்கு அனுப்பியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவம் படிக்கச் சீனா போகலாம், சீனாவைப் பற்றிப் படிக்கக் கூடாது என்பது என்ன நியாயமோ! பி.காம். பற்றி நான் பேசப் போவதில்லை, அது ஊருக்கே தெரிந்த பாதை. டிசைன் கல்லூரியைத்தான் வேண்டாம் என்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து லட்சம் கட்டி அவள் அங்கே கற்கப்போவது செல்போன் செயலியின் தோற்றத்தை அமைப்பது, விளம்பரம், பேக்கேஜிங். நல்ல தொழில்கள்தான். ஆனால் உங்கள் மகள் கேட்டது அதையல்ல. பிள்ளை கேட்காத படிப்புக்கு வீட்டை அடகு வைப்பதை எந்தக் கௌரவத்துக்காகவும் நான் ஆதரிக்க மாட்டேன்.

சீனக் கலைக்குள் போக வாசல் மொழிதான். பழைய சீன ஓவியம் ஒன்றை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மலையும் நீரும் ஒரு பக்கம் இருக்கும். மேலே ஓரமாகத் தூரிகையில் எழுதிய கவிதை. சுற்றிலும் சிவப்பு முத்திரைகள். அந்த ஓவியம் கைமாறிய நூற்றாண்டுகளில் ஒவ்வொரு உடைமையாளரும் தன் முத்திரையைக் குத்தி, சிலர் தன் கருத்தையும் எழுதி வைத்திருப்பார்கள். படிக்கத் தெரியாதவர் பார்ப்பது பாதி ஓவியம்தான். இன்றைய கலையிலும் இதே கதை. ஷூ பிங் என்ற கலைஞர் 1988இல் பெய்ஜிங்கில் ஒரு படைப்பைக் காட்சிக்கு வைத்தார். சுமார் 4,000 எழுத்துகளை மரத்தில் செதுக்கி அச்சிட்டிருந்தார். ஒன்றுகூட எந்த அகராதியிலும் கிடையாது, எல்லாம் அவரே உண்டாக்கியவை. சீனம் படித்தவர்கள் ஒரு எழுத்தாவது பிடிபடாதா என்று திணறினார்கள். நமக்கு அந்தத் திணறலே வராது, எல்லாச் சீன எழுத்தும் நமக்கு ஒன்றுதானே.

ஆகவே முதலில் மொழி, அதுவும் கலை பக்கத்திலேயே இருக்கும் இடத்தில். டெல்லியில் ஜே.என்.யு.விலும் சீன மொழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. உங்கள் மகளுக்கு நான் சொல்வது மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதன்.

அங்கே தாகூர் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தில் 'சீன பவன்' என்ற துறை இருக்கிறது. தாகூரும் தான் யுன் ஷான் என்ற சீன அறிஞரும் சேர்ந்து 1937இல் தொடங்கியது. அரிய சீன நூல்கள் நிறைந்த நூலகம் இருக்கிறது. கட்டடத்தின் சுவர்களிலேயே நந்தலால் போஸும் பினோத் பிஹாரி முகர்ஜியும் 1942 வாக்கில் தீட்டிய சுவரோவியங்கள் உண்டு. மாணவர்கள் அவற்றைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். அதே வளாகத்தில்தான் நாட்டின் முக்கியமான ஓவியக் கல்லூரிகளில் ஒன்றான கலா பவன். நந்தலால் 1924இல் தாகூரோடு சீனா போய் வந்தவர். நவீன சீன ஓவியத்தின் பெரும் பெயரான சூ பெய்ஹோங் 1939 கடைசியில் சாந்திநிகேதன் வந்து தங்கி, தாகூரை வரைந்தார். மலையைப் பெயர்க்கத் துணிந்த கிழவரின் கதையைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் 1940இல் இந்தியாவில் இருந்தபோது உருவானது. பின்னாளில் பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்துக்கு முதல் தலைவரும் அவரே.

மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். சேர்க்கை கியூட் நுழைவுத் தேர்வு வழியாக, காமர்ஸ் படித்தது தடையில்லை. மொழித்துறையில் சேர்ந்தால் கலா பவன் பட்டம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடும் வெயிலும் முதல் ஆறு மாதம் படுத்தும்.

சீனாவுக்குப் போவது அதன்பிறகு, முதுகலைக்கு. ஹாங்சோவில் 1928இல் தொடங்கிய சீன நுண்கலைக் கழகம் இருக்கிறது, பீங்கானுக்கென்றே ஜிங்தேசென் நகரம் இருக்கிறது. சீன அரசின் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் தங்குமிடமும் போக மாதம் 3,000 யுவான் கைக்கு வரும். கிடைக்காவிட்டால் போக வேண்டாம். இதில் நான் கறார். இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆபத்தும் இல்லாமல் இல்லை: கொரோனாவில் ஊர் திரும்பிய மாணவர்கள் 2022 வரை சீனாவுக்குள் போக முடியவில்லை. 2020இல் நின்ற நேரடி விமானம் 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது.

வேலை? அருங்காட்சியக வேலைகள் குறைவு. முதலில் சோறு போடப்போவது மொழிதான். ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளிலும் செய்யாறு காலணி ஆலையிலும் சீனம் பேசும் தைவான் நிறுவனங்கள் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளர் தேவை அங்கே உண்டு.

அதற்கு மேல், தமிழும் சீனமும் சேர்ந்து தெரிந்தவருக்கென்றே ஒரு களம் கிடக்கிறது. ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள். சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, கடைசியில் சீன எழுத்தும் உண்டு. அங்கே கையுவான் என்ற பௌத்தக் கோயிலில் நம் இந்துச் சிற்பங்கள் தூணில் நிற்கின்றன. வெடிமருந்தைக் கொளுத்தி ஓவியம் செய்யும் சாய் குவோ சியாங் பிறந்ததும் அதே ஊர். இந்த இரண்டு பக்கத்தையும் நேரடியாகப் படிக்கக்கூடியவர்கள் நம்மில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஆனால் ஆசை தொடரோடு நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அவளுக்கு ஒரு தூரிகையும் மையும் பழைய செய்தித்தாளும் வாங்கிக் கொடுங்கள். 'யோங்' என்ற ஒரே சீன எழுத்தை எழுதிப் பழகட்டும், அடிப்படைக் கோடுகள் எட்டும் அதற்குள் வந்துவிடும். தூரிகை செங்குத்தாக, மணிக்கட்டு மேசையில் படாமல், தினம் அரைமணி நேரம். பிறகு மை உறிஞ்சும் ஷுவான் காகிதத்தில். தூரிகை ஒரு நொடி தயங்கினாலும் மை கசிந்து பரவும், அழித்துத் திருத்த வழியில்லை. மூன்று மாதம் கழித்தும் அவளே நேரம் ஒதுக்கி உட்கார்ந்தால் சேருங்கள். நீங்கள் கூப்பிட்டுத்தான் உட்காருகிறாள் என்றால் பி.காம். போகட்டும், சீனம் மாலை வகுப்பாக இருக்கட்டும்.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பேச விடாதீர்கள். உதவத்தான் வேண்டும் என்றால் ஹவுரா வரை இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துத் தரட்டும். அங்கிருந்து சாந்திநிகேதனுக்கான ரயில் நிலையமான போல்பூர் இரண்டரை மணி நேரம். விண்ணப்பிக்கும் முன் இருவரும் துறையை ஒருமுறை பார்த்து, அங்கே படிக்கும் பெண்களிடம் விடுதியைப் பற்றிக் கேட்டு வாருங்கள். புதன்கிழமை மட்டும் போகாதீர்கள், அங்கே வார விடுமுறை அன்றுதான்.