முரண்படும் குறிப்புகள்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 28. ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னபடி, ஓராண்டாகத் தினமும் காலையில் பத்து யோசனைகளை நோட்டில் எழுதிவருகிறேன். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. சென்ற வாரம் மொத்தத்தையும் எடுத்துப் படித்தேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் எங்கோ பார்த்தது, யாரோ சொன்னது. சொந்தமாகச் சிந்திப்பது பிறவியிலேயே வரவேண்டியதா? பழகிக்கொள்ள முடியும் என்றால் எதைப் பழகுவது?

(பெயர் வேண்டாம்)
ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டில் எழுதுபவர்கள் நிறையப் பேர். திரும்ப எடுத்துப் படிப்பவர்கள் குறைவு. நீங்கள் படித்தீர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லவும் செய்தீர்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

காலையில் எழுந்ததும் பத்து வேண்டும் என்று கேட்டால், மனம் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடும். அது ஏற்கெனவே உள்ளே போய்க் கிடப்பதுதான். உங்கள் மூன்று நோட்டிலும் நடந்தது இதுவே. உங்கள்மேல் தவறில்லை.

இந்த விஷயத்தில் நான் ஆசிரியராகக் கொள்வது சார்லஸ் டார்வினை. சட்டென்று பிடித்துக்கொள்ளும் கூர்மை தனக்குக் கிடையாது என்று தன்வரலாற்றில் அவரே எழுதுகிறார். அதே நூலில் தான் பல ஆண்டுகள் விடாமல் கடைப்பிடித்த ஒரு விதியைச் சொல்கிறார். தன் முடிவுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால், தவறாமல், அப்போதே, எழுதிவைத்துவிடுவது. காரணம், சாதகமானவற்றைவிட எதிரானவை சீக்கிரம் மறந்துபோவதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார்.

இதன் பலனை எறும்பு விஷயத்தில் பார்க்கலாம். வேலைக்கார எறும்புகள் மலடு. உருவத்தில் தாயைப்போலவும் இல்லை, தந்தையைப்போலவும் இல்லை. பிள்ளையே பெறாத உயிர் தன் உருவத்தை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கடத்தும்? பிழைக்க உதவும் இயல்பு உள்ள உயிர்கள் அதிகம் பிழைத்து, அந்த இயல்பைப் பிள்ளைகளுக்குக் கடத்துகின்றன என்பது டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கை. அந்தக் கொள்கையையே இது சாய்த்துவிடும் என்று முதலில் தோன்றியதாக 1859இல் வந்த நூலில் டார்வின் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தத் தடையை அவர் ஒதுக்கி வைக்கவில்லை, அதனோடேயே இருந்தார். விடை தோட்டத்திலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வந்தது. ருசியான காய் சமையலில் தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் தோட்டக்காரர் அதே வகை விதையை விதைத்து அதே ருசியை எதிர்பார்க்கிறார். கறிக்கு வெட்டிய மாடு கன்று ஈனாது. ஆனாலும் வளர்ப்பவர் அதன் குடும்பத்து மாடுகளிடமே திரும்பப் போகிறார். அப்படியானால் தேர்வு தனி உயிரின்மேல் மட்டுமின்றி, குடும்பத்தின்மேலும் நடக்கலாம். இடைஞ்சலாக வந்த எறும்புதான் அவரை இந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும் பகுதி இது.

என் அனுபவம் ஒன்று. ஒரு கதையில் வரும் மூத்த அண்ணனை முழுச் சுயநலக்காரராக எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கு மாதிரி என் உறவினர் ஒருவர், சொத்துத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் அவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவேயில்லை. என் கதைக்கு இது ஒத்துவரவில்லை. அன்றிரவே குறித்துவைத்தேன். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன், மறப்பது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. எட்டு மாதம் கழித்து, எழுதியதையெல்லாம் போட்டுவிட்டு அந்த மரத்தடியிலிருந்து கதையைத் தொடங்கினேன்.

உங்கள் வேலையில் இப்படிப்பட்டவை தினமும் நடக்கும். இந்த பார்டர் போகாது என்று நீங்கள் நினைத்த துண்டு முதலில் தீர்ந்திருக்கும். எல்லோரும் மெச்சிய கலர் கட்டுக்கட்டாகக் குடோனில் கிடக்கும். வாங்குபவர் துணியைப் பார்க்காமல் தடவிப்பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். நீங்கள் நினைத்ததற்கு மாறாக நடந்ததை மட்டும், அன்றன்றே, ஒரு வரி எழுதுங்கள். சில நாள் ஒன்றும் இருக்காது. அந்த நாளை வெறுமையாக விடுங்கள். பத்து என்ற கணக்கு வேண்டாம்.

அதிகாலை, தனிமை, நடை எல்லாம் நல்லவைதான். டார்வினும் இங்கிலாந்தில் டவுன் (Down) என்ற பெயருடைய கிராமத்தில் தன் வீட்டை அடுத்த மணல்பாதையில் தினமும் நடந்தார். ஆனால் உறுத்தும் கேள்வி ஒன்றைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

ஓராண்டு என்று எழுதியிருந்தீர்கள். மண்புழுக்கள் மண்ணை மேலே கொண்டுவந்து போட்டுப்போட்டு, தரைமேல் கிடப்பதை மெல்லப் புதைக்கின்றன என்பது டார்வினின் எண்ணம். வீட்டுக்கு அருகே ஒரு வயலில் சுண்ணாம்புக்கல் துண்டுகள் பரப்பப்பட்டன. 29 ஆண்டுகள் கழித்து, 1871 நவம்பர் இறுதியில், அங்கே குழி வெட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. மண்புழு பற்றிய அவரது நூல் அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி போடுங்கள். துண்டுகள் பரப்பிய நாள் 1842 டிசம்பர் 20 என்ற தகவல் கையில் இல்லாதிருந்தால், அந்த 7 அங்குலத்தை வைத்து அவரால் எந்தக் கணக்கும் போட்டிருக்க முடியாது.