தாத்தா பாட்டி, பேரக்குழந்தைகளோடு கடலோரத்தில் இரண்டு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்று தலைமுறையும் சேர்ந்து கடலோரம் போவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பல கடிதங்களில் கவலை ஒன்றுதான்: யாரை யார் பார்த்துக்கொள்வது? அதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்பும் குடும்பத்துக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கேள்வி: எழுபதைக் கடந்த என் பெற்றோர், எட்டு வயது மகன், மூன்று வயது மகள், நாங்கள் இருவர். கையில் இருப்பது சனி, ஞாயிறு மட்டுமே. எல்லோருக்கும் பிடிக்கும்படி எப்படித் திட்டமிடுவது?

எல்லோரும் எந்நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். மகளுக்குத் தூக்கம் சொக்கும் நேரத்தில்தான் மகனுக்கு விளையாட்டு சூடு பிடிக்கும். அதற்குள் அப்பாவின் மாத்திரை நேரம் தாண்டிவிடும். ஒருவருக்காக எல்லோரும் காத்திருந்து, கடைசியில் எல்லோருமே முகம் சுளிப்பார்கள்.

கடலுக்கு இரண்டு வேளை போதும்: விடிந்ததும் ஒன்று, வெயில் தாழ்ந்ததும் ஒன்று. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தைத் தூக்கத்துக்கும் அறைக்குள் விளையாட்டுக்கும் விட்டுவிடுங்கள். சனி மாலை, ஞாயிறு காலை என இரண்டு முறை ஆற அமரக் கடலைப் பார்த்தாலே பயணம் நிறைவாக இருக்கும். வழியில் இருக்கும் நான்கு இடங்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

அறையிலிருந்து கடல் தெரிகிறதா என்பதைவிட, அறைக்கும் மணலுக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் கேளுங்கள். மணல் ஒட்டிய காலோடு ஈரத் தரையில் நடக்கும்போது முதியவர்கள் வழுக்கி விழும் ஆபத்து அதிகம். காரில் போவதானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அவர்களைக் கொஞ்சம் நடக்கவிடுங்கள். நெடுநேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் கால் வீங்கும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

தாத்தா பாட்டியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆட்களாக மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அறையில் ஒரு மணி நேரம் பேத்தியோடு இருக்க முடியுமா என்று அவர்களையே கேளுங்கள். தண்ணீர் ஓரத்தில் அந்தப் பொறுப்பை ஒருபோதும் அவர்கள் தலையில் வைக்க வேண்டாம். ஓடும் குழந்தையை எட்டிப் பிடிக்க அந்தக் கால்களுக்கு வேகம் போதாது.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான். கடலில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாமா?

கூடாது. குளத்தில் தண்ணீர் அசையாது, ஆழம் மாறாது, பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. கடலில் இவற்றில் எதுவும் இல்லை.

நீங்கள் அஞ்ச வேண்டியது பெரிய அலைக்கு மட்டும் அல்ல. அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழியைத் தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடம் கிடைத்தால் அதன் வழியே ஒன்றுகூடி, குறுகிய நீரோட்டமாகக் கடலுக்குள் பாயும். அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தேர்ந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

குழந்தைகளைத் தண்ணீரில் விடுவதற்கு முன் சற்று உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலையே பாருங்கள். இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். நுரையோ குப்பையோ கலங்கிய மணலோ அந்தப் பட்டை வழியே கடலுக்குள் நகர்வதையும் காணலாம். விவரம் தெரியாதவர்கள், அலை இல்லையே என்று குழந்தையை அங்கேதான் இறக்குவார்கள். அந்த அமைதியான இடம்தான் ஆபத்தான இடம்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதைக் கரையிலேயே மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்த நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகுமே தவிர அடியில் அமுக்காது. கரையை நோக்கி முட்டிமோதாமல் மல்லாந்து மிதக்க வேண்டும், கையை உயர்த்தி அழைக்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் சாய்வாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். நீங்களும் பதறி வெறுங்கையோடு உள்ளே பாயாதீர்கள். காப்பாற்றப் போனவரும் மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையையே தேர்ந்தெடுங்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் நிறமுள்ள இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி அவர்களின் கண்காணிப்பில் இருக்கிறது. முழுச் சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

அடுத்து, கண்காணிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை வீசாது. மூச்சு விடவே முடியாதபோது குரல் எப்படி வரும்? உடல் செங்குத்தாக நிற்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர் மட்டத்தில் முங்கி முங்கி எழும். பார்ப்பவருக்கு விளையாடுவதுபோலவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

எனவே ஆறு பெரியவர்கள் இருந்தாலும், "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கக்கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, மீண்டும் சொல்லியே அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். சின்னக் குழந்தை என்றால் கை எட்டும் தூரத்திலேயே நில்லுங்கள். காற்றடைத்த வளையத்தையும் கைப்பட்டையையும் நம்பாதீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் வளையத்தோடு குழந்தை உள்ளே போய்விடும். நீச்சலுடை ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். நீல உடை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மூச்சற்ற குழந்தையைக் கரைக்குக் கொண்டுவந்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றவோ தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கவோ வேண்டாம். போன வினாடிகள் திரும்பி வராது. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். குடும்பத்தில் இருவராவது இதை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாப்பிட்ட உடனே கடலில் இறங்கினால் மூழ்கிவிடுவார்கள் என்று மாமியார் குழந்தைகளை விடுவதே இல்லை.

அதற்கு ஆதாரம் இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டால் உடல் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். மாமியாரோடு இதற்காக வாதம் வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் குழந்தைகள் மணல்வீடு கட்டட்டும். ஆனால் மணலில் தோண்டும் குழி, இருப்பவர்களில் மிகச் சிறிய குழந்தையின் முழங்கால் ஆழத்தைத் தாண்டக்கூடாது. குழியின் சுவர் சரிந்தால் உள்ளே இருப்பவரை நொடியில் மூடிவிடும். வீட்டுக்குப் புறப்படும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. உப்புத் தண்ணீரில் நின்றால் அழுத்தம் கூடுமா? அவருக்கு இன்சுலினும் உண்டு.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருந்தாலும், அது தோல் வழியே உடலில் ஏறி அழுத்தத்தைக் கூட்டாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். குதிகால் பள்ளத்தில் இறங்க, உடல் பின்பக்கம் சாயும். முதியவர்கள் கணுக்கால் நீரிலேயே விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது இப்படித்தான். கடலைப் பார்த்தபடி, காலை அகட்டி, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இரண்டு மூன்று அலைக்கு ஒருமுறை இடத்தை மாற்றி நிற்கட்டும்.

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை நிறுத்திவைத்த காரில் விடாதீர்கள். பனிக்கட்டியோடு நேராகப் படும்படியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, வெப்பம் தாங்கும் பையில் வையுங்கள். மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் கொதிக்கும் மணலும் கிளிஞ்சலும் தைத்தது தெரியாது. அறைக்கு வந்ததும் பாதத்தை யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள்.

வெளியே கழிப்பறை இருக்காது என்று பயந்து, முதியவர்கள் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் உண்டு. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். கடற்கரையில் இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு குறையும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீரைக் கையில் கொடுங்கள். வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறினாலோ தள்ளாடினாலோ அதை வெறும் களைப்பு என்று விடாதீர்கள், வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து விசிறியபடியே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பூசலாமா?

ஆறு மாதம் ஆகும்வரை நிழலும் மெல்லிய முழுக்கை உடையும் அகல விளிம்புத் தொப்பியும்தான் பாதுகாப்பு. ஆனால் குடைக்குக் கீழே இருந்தாலும் மணலும் நுரையும் கதிர்களை எதிரொளிக்கும் என்பதால் வெயில் நேரத்தில் குழந்தை அறையிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்க அரை மணி நேரம் முன்பே பூசிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும்.

கேள்வி: ஜெல்லி மீன் பட்டுவிட்டால்?

மணலால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களைத் தூண்டிவிடும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சுடுநீரில் இருபது நிமிடம் வையுங்கள். சூட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் தொட்டுப் பார்க்கட்டும். வினிகர் சில இனங்களுக்கு நல்லது, சிலவற்றுக்குக் கெடுதல். அங்குள்ள உயிர்காப்பாளர் சொல்வதைக் கேளுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும் என்று பேரன் பேத்திகளிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 72, முழங்கால் வலி. பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். என்னால் அவர்கள் நடை தடைப்படுமே என்று அறையிலேயே இருந்துவிடலாமா என நினைக்கிறேன்.

அம்மா, கட்டாயம் போங்கள். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டியான தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். ஆகவே உங்களுக்கு மூச்சு வாங்குவது பலவீனத்தால் மட்டும் அல்ல, மணலாலும்தான். நீர் வடிந்து இறுகிய ஈர மணலில் நடந்தால் சிரமம் வெகுவாகக் குறையும். அந்த இறுகிய மணல் கடல் வற்றும் நேரத்தில்தான் அகலமாகக் கிடைக்கும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றமும் இரண்டு முறை வற்றமும் வரும், நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். சனி மாலை 5 மணிக்கு நன்றாக வற்றியிருந்தால், ஞாயிறு மாலை ஏறக்குறைய 5.50-க்கு அதேபோல் இருக்கும். அறை எடுத்த இடத்தில் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்வான மடக்கு நாற்காலி வேண்டாம், எழும்போது முழங்கால் கெஞ்சும். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குங்கள். காய்ந்த பாசியும் குப்பையும் கோடு போட்டிருக்கும் இடத்துக்கு மேலே, கரைப்பக்கமாக அதைப் போடச் சொல்லுங்கள். கடைசியாக ஏறிய தண்ணீர் அந்தக் கோடு வரை வந்திருக்கிறது.