ஒரு நாட்டின் வரலாற்றையும் அரசியலையும் அதன் புவியியல்தான் தீர்மானிக்கிறதா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் கேட்ட கேள்வி போலத் தெரிகிறது. அப்படியென்றால் இமயமலை இந்தியாவுக்கு அரண், சுற்றியுள்ள கடல் பிரித்தானியாவுக்கு அகழி என்று எழுதுங்கள், புள்ளி கிடைத்துவிடும். நான் யாழ்ப்பாணத்து நீர்வேலியைச் சேர்ந்தவன். 2006இல் இந்த விஷயம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது. அதனால் நீளமாகத்தான் எழுத வரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒருமுறை வரைபடத்தில் பாருங்கள். சுற்றிவரக் கடலும் கடல்நீரேரியும். இலங்கையின் மற்றப் பகுதிகளிலிருந்து வரும் ஏ9 வீதி ஆனையிறவில் நீரேரியைக் கடந்துதான் எங்களிடம் வந்து சேரும். கிழக்கே சுண்டிக்குளம் பக்கம் ஒரு மணல் நிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் லொறி ஓடுகிற பாதை அதுவல்ல. போர்க்காலத்தில் அந்த ஒடுங்கிய கழுத்தைப் பிடித்தவன் கையில்தான் உள்ளே இருந்த அத்தனை பேருடைய சாப்பாடும். 1991இலும் 2000இலும் இராணுவமும் புலிகளும் ஆனையிறவுக்காக மோதி அவ்வளவு பேர் செத்தது இதனால்தான்.

அப்பாவுக்கு வாழைக்குலை வியாபாரம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 திறந்ததும் நீர்வேலி, கோப்பாய்த் தோட்டங்களில் கதலியும் இதரையும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார். முகமாலையில் இராணுவச் சோதனை, அதைத் தாண்டினால் புலிகளின் சோதனையும் வரியும், வவுனியாப் பக்கம் மறுபடியும் இராணுவம். அவ்வளவு ஏற்றி இறக்கியும் கட்டுப்படியாகியது. 2006 ஆகஸ்ட் 11ஆம் தேதி முகமாலையில் சண்டை தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு குலை வெட்டினால் வாங்க ஆளில்லை. சந்தைக்கு வந்த எல்லோரும் விற்க வந்தவர்கள். பழுத்துக் கொட்டியதை மாட்டுக்குப் போட்டோம். அதே கிழமைகளில் சீனி, மா, பால்மா, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் விலை ஏறி ஏறி, கடைசியில் காசு கொடுத்தாலும் இல்லை என்றாகிவிட்டது. காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் கப்பல் வந்தால்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுப்பார்கள். ஊரடங்கு விலகியதும் அம்மா வரிசைக்கு ஓடுவார். வீடு நிறைய வாழைப்பழம், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பெரியம்மாவுக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இராணுவத்திடம் கிளியரன்ஸ், அதாவது பயண அனுமதி, எடுத்து, கப்பலுக்குப் பெயர் பதிந்து, திருகோணமலையைச் சுற்றிப் போய்ச் சேர மாதக் கணக்காகியது. அதற்குள் ஒரு கண் போய்விட்டது. பாதை திரும்பத் திறந்தது 2009இல்தான்.

இதைச் சொன்னால் ‘எல்லாப் பழியையும் நிலத்தின் மேல் போடுகிறீர்கள், ஆனையிறவா சண்டை பிடித்தது?’ என்று யாராவது வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1987ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, அப்போதும் இதே ஒடுங்கிய பாதை. காங்கேசன்துறையிலிருந்து தமிழ்நாட்டுக் கோடியக்கரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், கொழும்பு கிட்டத்தட்ட 400. ஜூன் 3ஆம் தேதி இந்தியா படகுகளில் அனுப்பிய உணவை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் விமானங்கள் வந்து யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. அடுத்த மாதமே இந்திய - இலங்கை ஒப்பந்தம். 2006இலும் கோடியக்கரை அதே தூரத்தில்தான் இருந்தது, ஒரு விமானமும் வரவில்லை. நிலம் மாறவில்லை, டில்லியின் கணக்கு மாறியிருந்தது. நிலம் எங்கே பிடித்தால் வலிக்கும் என்று காட்டிக்கொடுக்கும். பிடிப்பதா விடுவதா என்பது மனிதர் எடுக்கிற முடிவு. என் பதில் இவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம், அதிகம் பேசப்படாதது. குடாநாட்டில் ஆறு கிடையாது, மழைக்கு ஓடுகிற வழுக்கியாறு மட்டும்தான். அடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றை நம்பிய சின்னச் சின்னத் தோட்டங்கள். ஒரு குடும்பத்தில் நாலு பிள்ளைகள் என்றால் காணியைப் பிரித்துப் பிழைக்க முடியாது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள், 1905இல் காங்கேசன்துறை வரை ரயில் வந்தது, பிள்ளைகள் படித்துக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகத்துக்குப் போனார்கள். எல்லாச் சாதிக்கும் அந்தப் படிப்பு ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம், 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழியும் மாவட்டமும் பார்த்துப் புள்ளியைச் சரிக்கட்டிய தரப்படுத்தல் என்று வந்தபோது எங்கள் ஊரில் ஏன் அவ்வளவு கொதிப்பு எழுந்தது என்று தெற்கில் பலருக்கு இன்றும் விளங்கவில்லை. தண்ணீர் இல்லாத நிலத்தில் உத்தியோகம்தான் எங்கள் ஆறு.

அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நீங்கள் கேட்டதற்கு நேரடியாகச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஊர் இருக்கிற வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் இப்போது கல்யாண மண்டபமும் மாடி வீடுமாக எழும்புகின்றன. மழைத்தண்ணீர் இந்த மண்ணுக்குள் இறங்கி, கீழே உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதைத்தான் நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம். மேலே சீமெந்து போட்டு மூடிவிட்டுக் கீழே மோட்டர் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் உவர் ஏறாமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்துத் தோட்டத்தையும் அப்படித்தான் மூடினார்கள். உரித்துக்காரர் வெளிநாட்டில். அப்பா அவருக்குப் போன் எடுத்து, “தம்பி, இது மூன்று தலைமுறை வாழை நின்ற நிலம், கட்டுவதென்றால் அங்கால் கல்லுக்காணியில் கட்டுங்கோ” என்று கேட்டார். “என்ர காணி ஐயா, என்ர காசு” என்று பதில் வந்தது. சட்டப்படி அவர் பக்கம் சரிதான். வயலை நிரப்புவதற்காவது அனுமதி எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செம்மண் தோட்டத்துக்கும் அதே காவல் வேண்டும், வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.